மக்காத நஞ்சு

(ஊராட்சித் தலைவர்கள், உறுப்பினர்கள், உழவர்கள் ஆகியோருக்கென நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாணத்தைக் குழியிலிட்டு மூடினால் அது எருவாகிறது. இலையும் தழையும் மக்குகின்றன. இறந்த மாட்டின் உடலும் நாளடைவில் மண்ணோடு மண்ணாகிவிடுகிறது. பூச்சி மருந்துகளிற்கூடப் பல, வெயிலாலும் நுண்ணுயிர்களாலும் சிறிது சிறிதாகச் சிதைந்து வலுவிழக்கின்றன. மண் எதையும் செரித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை உழவர் நெஞ்சில் வேரூன்றியிருப்பதற்கு இவையே காரணம். அந்நம்பிக்கை பொய்யன்று, ஆயினும் அதற்கு ஒரு விலக்கு உண்டு. ஈயம், காட்மியம், பாதரசம், குரோமியம் முதலிய கன உலோகங்களை மண்ணால் செரிக்க இயலாது. உலோகத்தை எரித்தால் புகையோடு செல்லும். கரைத்தால் நீரோடு செல்லும். புதைத்தால் புதைத்த இடத்திலேயே கிடக்கும். அழிதல் என்பது மட்டும் அதற்கு இல்லை.

இப்பொருளை இவ்வேளையில் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நம் ஒன்றியத்தைச் சேர்ந்த ஊராட்சி ஒன்றில், பழைய பாட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறை அமைப்பதற்காக ஐந்து ஏக்கர் புன்செய் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு வெளியூரிலிருந்து ஒருவர் வந்துள்ளார். இருபது பேருக்கு வேலை தருவதாகவும், பள்ளிக்குச் சுற்றுச்சுவர் எழுப்பித் தருவதாகவும் கூறுகிறார். மழை பொய்த்த ஆண்டுகளில் திருப்பூருக்கும் சென்னைக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு இருக்கும் ஊர் அது. வேலை வேண்டாம் என்று சொல்ல அங்கே எவருக்கு மனம் வரும்? தலைவர் பொறுப்புள்ளவர், ஒப்பமிடுமுன் நம் கருத்தைக் கேட்டார். அவருக்கு அளித்த விடையை எல்லா ஊராட்சிகளும் அறிதல் நலம் என்று கருதியே இங்கு விரித்துரைக்கின்றோம்.

உலோகம் என்றாலே நஞ்சு என்று கொள்ளுதல் தவறு. நெல்லுக்கு ஏக்கருக்குப் பத்துக் கிலோ துத்தநாக சல்பேட் இடுகின்றோம். இடாவிடில் இலையில் துருப்போன்ற புள்ளி தோன்றிப் பயிர் குன்றுகிறது. துத்தநாகமும் கன உலோகங்களுள் ஒன்றே. தாமிரமும் அவ்வாறே சிறிதளவு வேண்டப்படுவது. அளவு மீறினால்தான் இவை கேடு செய்யும். ஆனால் ஈயம், காட்மியம், பாதரசம் ஆகிய மூன்றினாலும் மனித உடலுக்கு எள்ளளவும் பயன் இருப்பதாகக் கண்டறியப்படவில்லை.

பயனற்றவை உடலுக்குள் எவ்வாறு நுழைகின்றன? கள்ளச் சாவியைப் போல நுழைகின்றன. காட்மியம் துத்தநாகத்தை ஒத்த இயல்புடையது. பயிரின் வேர் துத்தநாகத்துக்காகத் திறந்து வைத்திருக்கும் வழியில் காட்மியமும் புகுந்துவிடுகிறது. ஈயம் சுண்ணாம்புச் சத்தின் வேடம் பூண்டு எலும்பிற் போய்த் தங்குகிறது. அங்கே பல்லாண்டு கிடந்து, அப்பெண் கருவுற்ற காலத்தில் எலும்பிலிருந்து கரைந்து இரத்தத்திற் கலந்து வயிற்றுப் பிள்ளையையும் சென்று சேர்கிறது. காட்மியம் சிறுநீரகத்திற் குடியேறினால் பத்து முதல் முப்பது ஆண்டுகளில்தான் அதன் அளவு பாதியாகக் குறையும். பாதரசம் உடலின் புரதங்களிலுள்ள கந்தகத்தைப் பற்றிக்கொண்டு அவற்றைச் செயலற்றனவாக்கும், மூளையையும் எட்டும். ஆக, ஒரே நாளில் உண்டு மயங்கி விழும் நஞ்சு அன்று இது. சிறுகச் சிறுகச் சேரும் நஞ்சு. கடன் வட்டியோடு சேர்வதை நம் உழவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

உலோகத்துக்கு உலோகம் வழியும் வேறு. ஈயம் மண்ணை இறுகப் பற்றிக்கொள்வது; நெல்மணிக்கு அது ஏறுவது மிகக் குறைவு. அதனால் ஈயத்தின் ஆபத்து தூசியிலும், புழுதி படிந்த கையிலும், கழுவாத கீரையிலும் இருக்கிறது. காட்மியமோ பயிருக்குள்ளேயே ஏறி மணியையும் இலையையும் அடைகிறது. அவ்வாறு ஏறிய பயிர் செழிப்பாகவே நிற்கும், உண்பவருக்குத்தான் தீங்கு. குரோமியம் கிணற்று நீரைக் கெடுக்கிறது. பாதரசம் நீர்நிலையின் அடிச்சேற்றில் உருமாறி, சிறு மீனிலிருந்து பெரு மீனுக்கும் பெரு மீனிலிருந்து மனிதனுக்கும் படிப்படியாகப் பெருகிச் செல்கிறது. ஆகவே, ‘எங்கள் பயிர் நன்றாகத்தானே இருக்கிறது’ என்ற ஒரே சான்றை வைத்துக்கொண்டு மனநிறைவு அடைந்துவிட முடியாது.

கண்ணுக்குத் தெரியாத உயிர்களையும் உலோகம் விட்டுவைப்பதில்லை. இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்துக்கு வோபர்ன் என்னுமிடத்தில் ஒரு பண்ணை உண்டு. அங்கே 1942 முதல் 1961 வரை சில பாத்திகளுக்கு நகரச் சாக்கடைக் கசடு உரமாக இடப்பட்டது. இருபதாண்டுகளுக்கு மேல் கழிந்தபின் அப்பாத்திகளில் குளோவர் என்னும் தீவனப் பயறினத்தை வளர்த்துப் பார்த்தனர். அதன் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரவில்லை. கசட்டோடு வந்த உலோகங்களால், அவ்வேலையைச் செய்யவல்ல நுண்ணுயிர் வகை அம்மண்ணில் இல்லாமற் போயிற்று. உளுந்தும் பாசிப்பயறும் விதைக்கும் நமக்கு இச்செய்தி பெரிது. ரைசோபியம் பொட்டலம் வாங்கி விதையோடு கலந்து விதைத்தும் முடிச்சு வைக்கவில்லையென்றால், காரணம் பொட்டலத்திலேயே இருக்க வேண்டுமென்பதில்லை.

இனி ஈயப் பட்டறைக்கு வருவோம். ஒரு கார் பாட்டரியில் எட்டு, பத்துக் கிலோ ஈயம் இருக்கிறது. கந்தக அமிலமும் இருக்கிறது. முறையாக நடக்கும் ஆலையில் இயந்திரம் பாட்டரியை உடைக்கும். அமிலத்தைத் தனியே வாங்கி நடுநிலையாக்குவர். உலைப்புகையை வடிகட்டிப் பைகளுக்குள் செலுத்தித் தூளைப் பிடிப்பர். கசட்டைக் கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற பாதுகாக்கப்பட்ட புதைநிலத்துக்கு அனுப்புவர். இவையெல்லாம் பெருஞ்செலவு. இச்செலவைத் தவிர்க்க விரும்புவோர் கோடரியால் உடைத்து, அமிலத்தை ஓடையில் ஊற்றி, திறந்த உலையில் இரவில் உருக்குவர். அதற்குத்தான் ஊருக்கு ஒதுக்குப்புறமான புன்செய் நிலம் தேவைப்படுகிறது. நம்மிடம் வந்தவர் இவ்விரண்டில் எவ்வகையினர் என்பதை அவருடைய பேச்சைக் கொண்டு நாம் அறிய முடியாது. தாள்களைக் கொண்டே அறிதல் வேண்டும். அதனைப் பின்னர்க் கூறுவோம்.

ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டுத் தலைநகரான டக்கார் நகரையடுத்துத் தியாரோய் என்னும் கடற்கரையூர் உள்ளது. அங்கே பல்லாண்டுகளாகப் பழைய பாட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்து வந்தனர். ஈயத் துணுக்குகள் மணலோடு கலந்து கிடந்தன. ஈயத்தின் விலை ஏறியபோது அம்மணலுக்கே விலை வந்துவிட்டது. ஊர்ப் பெண்கள் அதைத் தோண்டி, மூட்டை கட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்து சலித்து ஈயத்தைப் பிரித்து விற்றனர். புழுதி, சமையல் செய்யும் முற்றத்திலும் குழந்தைகள் தவழும் இடத்திலும் படிந்தது. 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அவ்வூரில் 18 குழந்தைகள் வலிப்பும் மூளைப் பாதிப்பும் கண்டு மாண்டனர். உலக நலவாழ்வு நிறுவனத்தார் சென்று ஆராய்ந்தபோது, உயிரோடிருந்த குழந்தைகளின் இரத்தத்திலும் ஈயம் மிகுதியாக இருந்தது. அத்தாய்மார் சோம்பேறிகளல்லர், குற்றம் செய்தவர்களுமல்லர். நான்கு காசு சம்பாதிக்கப் பாடுபட்டவர்கள். பட்டறையால் வேலை கிடைக்கும் என்று நாம் கணக்கிடும்போது, அவ்வேலை எவ்வகையில் வீட்டுக்குள் வந்து சேருகிறது என்பதையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

குழந்தைகளை முன்வைத்துச் சொல்வது இரக்கத்துக்காக அன்று. உடற்கூற்றின்படியே அவர்கள் முதலிற் பாதிக்கப்படுகின்றனர். வாய்வழிச் சென்ற ஈயத்தைப் பெரியவர்களைப் போல நான்கைந்து மடங்கு அளவுக்குச் சிறு குழந்தையின் உடல் உறிஞ்சிக்கொள்கிறது. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த குழந்தை இன்னும் மிகுதியாக உறிஞ்சும். நம் அங்கன்வாடிகளில் இரத்தசோகை உள்ள குழந்தைகள் எத்தனை பேர் என்பதை உறுப்பினர்கள் நன்கறிவர். குறைந்த அளவு ஈயம் குழந்தையைக் கொல்லாது; வலிப்பும் வராது. பள்ளியில் பாடம் ஏறாது. ஓரிடத்தில் மனம் நில்லாது. ‘இவனுக்குப் படிப்பு வராது’ என்று ஆசிரியரும் பெற்றோரும் விட்டுவிடுவர். இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு ஏதும் அறியப்படவில்லை என்பதே உலக நலவாழ்வு நிறுவனத்தின் முடிபு.

கால்நடைகளுக்கும் இது பொருந்தும். மாட்டுக்கு உப்புக் கரிக்கும் பொருள்களை நக்கும் பழக்கம் உண்டு. வரப்பில் வீசிய பழைய டிராக்டர் பாட்டரியின் தகடுகளை அது விரும்பி நக்குகிறது. சில நாளில் மாடு தீனி எடுக்காது, பல்லைக் கடிக்கும், கண் தெரியாமல் சுவரில் முட்டும், தலையைத் தூணில் அழுத்திக்கொண்டு நிற்கும், தள்ளாடி விழும். வெறிநோய் என்றோ பார்வை பட்டது என்றோ எண்ணி மந்திரிக்கச் செல்வதும் உண்டு. இவ்வறிகுறிகள் தோன்றினால் கால்நடை மருத்துவரிடம், ‘மாடு மேய்ந்த இடத்தில் பாட்டரி கிடந்ததா’ என்ற செய்தியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் மருத்துவத்தைத் தொடங்குவதற்கு அது பேருதவியாகும். (தேய்ந்த பாட்டரியை விற்பனையாளரிடமே திருப்பிக் கொடுத்தால் விலையில் தள்ளுபடி உண்டு. வரப்பில் எறிபவர் பணத்தையே எறிகின்றார்.)

‘ஐயா, எங்கள் முன்னோர் எதையும் சோதித்துப் பார்த்துத்தான் ஏற்றனர், நாங்களும் பார்த்துக்கொள்வோம்’ என்று சொல்லும் பெரியவர்கள் உளர். அவர்களுக்காக இராக் நாட்டில் 1971-72இல் நிகழ்ந்ததைக் கூறுகின்றோம். அந்நாட்டு அரசினர் வெளிநாட்டிலிருந்து விதைக் கோதுமையும் வாற்கோதுமையும் தருவித்து உழவர்களுக்கு வழங்கினர். பூசணம் பிடிக்காதிருக்கப் பாதரச மருந்து கலந்த விதை அது. அடையாளத்துக்காகச் சிவப்புச் சாயமும் ஏற்றப்பட்டிருந்தது. மூட்டையின் மேலிருந்த எச்சரிக்கையோ அவ்வுழவர்களுக்குத் தெரியாத மொழிகளில் இருந்தது. பல இடங்களில் விதை வந்து சேர்ந்தபோது விதைப்புக் காலம் கடந்துவிட்டது. வீட்டிலோ பசி. சிலர் தானியத்தைக் கழுவினர், சாயம் போயிற்று, நஞ்சும் போயிற்று என்று எண்ணினர். சிலர் கோழிக்குப் போட்டுப் பார்த்தனர். சில நாள் பார்த்தும் கோழி சாகவில்லை. பின்னர் மாவரைத்து ரொட்டி சுட்டு உண்டனர். பாதரசம் உடலிற் சேர்ந்து அறிகுறி காட்டுவதற்கு வாரக் கணக்கில் ஆகும். மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டோர் 6,530 பேர். அவர்களுள் இறந்தோர் 459 பேர். பலருக்குக் கை கால் மரத்தது, கண் மங்கியது, நடை தடுமாறியது.

அவ்வுழவர்கள் அறிவிலிகளல்லர். கழுவிப் பார்த்தல், கோழிக்குக் கொடுத்துப் பார்த்தல் ஆகியவை நாமும் செய்யக்கூடியவையே. மற்ற நஞ்சுகளுக்கு அச்சோதனைகள் ஓரளவு பொருந்தலாம். உலோகத்துக்கு அவை பொருந்தா. நிறம், மணம், சுவை ஆகிய மூன்றினுள் ஒன்றும் அதனைக் காட்டிக்கொடாது. குடிநீரில் இருக்கத்தக்க ஈயத்தின் உச்ச அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்று இந்தியத் தர நிறுவனம் வகுத்துள்ளது. நம் ஊர் மேல்நிலைத் தொட்டி 30,000 லிட்டர் கொள்ளுமென்றால், அதில் ஒரு கிராமில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவான ஈயம் கரைந்திருந்தாலே அவ்வெல்லை எட்டப்பட்டுவிடும். காட்மியத்துக்கு எல்லை இன்னும் குறைவு, 0.003, பாதரசத்துக்கு 0.001. இவற்றை நாவால் அறிய முடியுமா?

நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் பதனிடுதலுக்குப் பேர்பெற்றவை. முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டனர். அக்கழிவும் நாறும், ஆனால் மக்கும். பின்னர் ஏற்றுமதிக்காகக் குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறை பரவிற்று. ஏற்றுமதி பெருகியது, பல்லாயிரவர் பிழைத்தனர். அதனை மறுப்பது நேர்மையாகாது. கழிவுநீரோ வாய்க்காலிலும் ஆற்றிலும் சென்றது. 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில், வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையத்தார் கண்ட கணக்கு எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. அதன்படி ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முற்றிலுமாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போயிருந்தது. திண்டுக்கல் வட்டாரத்தில் 13 சிற்றூர்களில் 467 கிணறுகளைப் பார்த்ததில் 350 கிணறுகள் கெட்டிருந்தன என்னும் செய்தியும் அத்தீர்ப்பிலேயே உள்ளது.

இங்கு ஒன்றைப் பிரித்தறிதல் வேண்டும். அந்நிலங்களில் வெண்மையாகப் பூத்து நிற்பது பெரும்பாலும் உப்பு. தோலை ஊறவைத்த உப்பு. நாவில் கரிப்பதும் தென்னையைக் குன்றச் செய்வதும் அதுவே. உப்பைக் கண்டு உழவர் எச்சரிக்கை அடைந்தனர். அதனோடு சேர்ந்து வந்த குரோமியத்தை எவரும் காணவில்லை. உப்பையாவது நல்ல மழையும் நல்ல வடிகாலும் ஓரளவு கழுவிக்கொண்டு போகும். குரோமியம் சேற்றோடு தங்கிவிடும். குரோமியத்திலும் இருவகை உண்டு. பதனிடும் உப்பில் உள்ளது மூவிணைய குரோமியம், தீங்கு குறைந்தது. அறுவிணைய குரோமியம் நீரில் எளிதிற் கரைவது, தோலைப் புண்ணாக்குவது, புற்றுநோய் விளைப்பது. இராணிப்பேட்டையில் இத்தகைய உப்பைத் தயாரித்த தொழிற்சாலை ஒன்று 1990களில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற கழிவு மலைபோற் குவிந்து கிடந்து நிலத்தடி நீரை மஞ்சளாக்கிற்று. ஆலை மூடிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று நினைப்போர் இதனைக் கருதிப் பார்த்தல் வேண்டும். பின்னாளில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன, நன்மையும் உண்டாயிற்று. ஆனால் நீரிலிருந்து பிரித்த உலோகம் கசட்டில் இருக்கிறதேயன்றி எங்கும் மறைந்து போகவில்லை. 2015 ஜனவரியில் இராணிப்பேட்டையில் அத்தகைய கசடு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உட்படப் பத்துப் பேர் மாண்டனர். பாலாற்றுப் பகுதியில் ஏற்பட்ட கேட்டைக் குறித்து 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்புரைக்க நேர்ந்தது.

கெட்ட நிலத்தை மீட்க முடியுமா என்றால், முடியும். அதன் விலையை ஜப்பான் நாட்டில் காணலாம். தோயாமா மாநிலத்தில் ஜின்சு என்னும் ஆறு ஓடுகிறது. நம் காவிரியைப் போல நெல் வயல்களுக்குப் பாசனம் தரும் ஆறு. அதன் மேற்பகுதியில் கமியோகா என்னுமிடத்தில் துத்தநாகச் சுரங்கம் இருந்தது. சுரங்கக் கழிவோடு காட்மியம் ஆற்றில் கலந்து, வாய்க்கால் வழியே வயலுக்கும், வயலிலிருந்து அரிசிக்கும் சென்றது. அவ்வரிசியை உண்டவர்களுள் பல பிள்ளைகளைப் பெற்ற முதிய பெண்களுக்கு எலும்பு மென்மையாகி, இருமினாலும் விலா எலும்பு முறியும் நிலை வந்தது. அவர்கள் அலறிய சொல்லே நோயின் பெயராயிற்று: ‘இத்தாய் இத்தாய்’, அதாவது ‘வலிக்கிறது, வலிக்கிறது’. சத்துக்குறைவு என்று பலர் கூறினர். ஹகினோ நோபொரு என்னும் உள்ளூர் மருத்துவர் விடாது ஆராய்ந்து, ஆற்று நீரே காரணம் என வாதாடினார். 1968இல் அரசு காட்மியத்தின் பங்கை ஏற்றது. உழவர் குடும்பங்கள் வழக்குத் தொடுத்து 1971இலும், மேல்முறையீட்டில் 1972இலும் வென்றன.

வென்றபின் நடந்ததுதான் நமக்குப் பாடம். கெட்ட வயல்களில் நச்சு மண்ணை அகற்றியோ ஆழப் புதைத்தோ, மேலே வேறிடத்து நன்மண்ணைப் பரப்ப வேண்டியதாயிற்று. 1979இல் தொடங்கிய அவ்வேலை 2012இல் முடிந்தது. 800 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்துக்கு ஆன செலவு 4,000 கோடி யென்னுக்கும் மேல். செல்வம் மிக்க ஒரு நாட்டுக்கு 33 ஆண்டு பிடித்த வேலை! ஓர் ஊராட்சியின் பொது நிதியைக் கொண்டு ஒரு செண்டு நிலத்தையேனும் அவ்வாறு மாற்ற இயலுமா என்பதை உறுப்பினர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

மற்றொன்றும் அங்கு நடந்தது; நம் கருத்தில் அதுவே மேலானது. 1972இல் அவ்வுழவர்கள் இழப்பீட்டோடு நில்லாமல், சுரங்க நிறுவனத்தாரிடம் ஓர் ஒப்பந்தம் எழுதி வாங்கினர். தாங்கள் விரும்பியபோது அறிஞர்களையும் அழைத்துக்கொண்டு வளாகத்துக்குள் சென்று பார்வையிடலாம், செலவு நிறுவனத்தாருடையது என்பது அதன் சாரம். அதன்படி ஆண்டுதோறும் உழவர்கள் உள்ளே சென்று, குழாய்களையும் கழிவுக் குட்டைகளையும் பார்த்து, நீரை அளந்து, குறை கண்ட இடத்தைச் சுட்டிக் காட்டினர். ஆற்று நீரின் காட்மியம் இயற்கை அளவுக்கு இறங்கியது. தொழிலை வெறுத்து ஓட்டாமலும், கண்ணை மூடிக்கொண்டு நம்பாமலும் அவ்வூரார் கண்ட வழி இது.

ஆகவே ஈயப் பட்டறை கேட்டு வந்தவரிடம் அவ்வூராட்சி வைக்க வேண்டிய கேள்விகள் இவை என்று கூறினோம். மாசு கட்டுப்பாடு வாரியத்தின் இசைவாணையும், அபாயகரக் கழிவு கையாளும் அங்கீகாரமும், 2022ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகளின்படி மறுசுழற்சியாளர் பதிவும் உண்டா? உண்டென்றால் படியைத் தருக. கசடு எந்தப் புதைநிலத்துக்குச் செல்லும், அதற்கான ஒப்பந்தம் எங்கே? தொழிலாளர் குளித்து உடை மாற்றி வீடு செல்ல ஏற்பாடு உண்டா? வேலை உடை அவர்கள் வீட்டுக்குச் செல்லாமல் ஆலையிலேயே வெளுக்கப்படுமா? ஆண்டுக்கு எத்தனை முறை அவர்களுடைய இரத்தம் சோதிக்கப்படும்? கிராம சபை தெரிந்தெடுக்கும் ஐவர், முன்னறிவிப்பின்றி உள்ளே வந்து பார்க்க எழுத்தில் ஒப்புவாரா? வேலை தொடங்குமுன் சுற்றிலுமுள்ள கிணறுகளின் நீரையும் வயல் மண்ணையும் தம் செலவில் சோதித்து முடிவை ஊராட்சியில் வைப்பாரா? இவற்றுக்கு இணங்குபவராயின், தொழிற்பேட்டையில் இடம் தேடுதலே அவருக்கு எளிது. அங்கேயே போகச் சொல்லலாம். இணங்காதவராயின் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளலாம். சுற்றுச்சுவருக்கு வேறு நிதி உண்டு. அதற்கான விண்ணப்பத்தை நாம் வாங்கி வைத்துள்ளோம்.

இருபது பேர் வேலைக்கு என்ன விடை என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதே. அப்பகுதியில் உள்ள மூன்று ஓடைத் தடுப்பணைகளையும் ஏரி வரத்து வாய்க்காலையும் ஊரக வேலைத் திட்டத்தில் எடுக்கலாம். அது இருபது பேருக்கு ஆண்டு முழுவதும் வேலையாகாது என்பதை நாமும் அறிவோம். மறைப்பதற்கில்லை.

பட்டறை வராத ஊர்களும் தமக்குத் தொடர்பில்லை என்று இருந்துவிடலாகாது. நகராட்சி உரம் மலிவாகக் கிடைக்கிறதென்று லாரி லாரியாக இறக்குகின்றனர். நகரக் குப்பையில் பாட்டரி, பெயிண்டு, குழல் விளக்கு எல்லாம் கலந்திருக்கும். உரக் கட்டுப்பாட்டு ஆணை, நகர உரத்தில் ஒரு கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5, குரோமியம் 50, பாதரசம் 0.15 என்று உச்ச அளவு வகுத்துள்ளது. ஆய்வுச் சீட்டு இல்லாத உரத்தை இறக்க வேண்டா. தரம் பிரிக்காத குப்பையிலிருந்து சலித்த மண்ணை எவர் இலவசமாகத் தந்தாலும் வேண்டா. அச்சோதனைச் செலவைத் தவிர்க்கச் சிறந்த வழி, நம் ஊர்க் குப்பையை வீட்டு வாசலிலேயே பிரித்து நாமே மக்கச் செய்து கொள்வதாகும்.

சாக்கடை நீர் பாயும் நிலத்திலும், ஆலைக் கழிவு பாய்ந்த நிலத்திலும் கீரை, முள்ளங்கி முதலியன பயிரிடுதலைத் தவிர்க்க. கீரையிலும் கிழங்கிலும் சேருமளவு உலோகம் காயிலும் மணியிலும் சேர்வதில்லை. பருத்தி, தீக்குச்சி மரம், மலர் வகை போன்று உண்ணப்படாத பயிர்கள் இன்னும் மேலானவை. மண் புளிப்பாக இருந்தால் காட்மியம் எளிதில் வேருக்கு ஏறும். சுண்ணாம்பு இட்டுப் புளிப்பைக் குறைத்தலும், தொழுவுரம் இடுதலும் அதனைக் கட்டிவைக்கும். நெல்லில் நீர் நிற்கும் வரை காட்மியம் அடங்கியிருக்கும். கதிர் வரும் சமயத்தில் வயலைக் காயவிட்டால் மணிக்கு ஏறும். ஆர்சனிக் என்னும் பாஷாணம் கலந்த நிலத்திலோ இது தலைகீழ்; நீர் நின்றால்தான் ஏறும். ஆதலால் எந்த உலோகம் என்று தெரியாமல் வைத்தியம் செய்யலாகாது. முதலில் சோதனை.

சோதனையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. ஊராட்சியில் வைத்திருக்கும் குடிநீர்க் கள ஆய்வுப் பெட்டி ஈயத்தையும் காட்மியத்தையும் காட்டாது. மண்வள அட்டையில் உள்ள 12 இனங்களிலும் அவை இல்லை. ‘பெட்டியில் பார்த்தோம், நல்ல நீர்’ என்று பதிவேட்டில் எழுதியிருப்பது வேறு பொருள்களுக்கே பொருந்தும். உலோகத்தைப் பெரிய ஆய்வுக்கூடத்தில், அதற்குரிய கருவியில், பெயர் சொல்லிக் கேட்டுத்தான் பார்க்க வேண்டும். நீரெடுக்கும் புட்டியையும் அவர்களிடமே பெறுதல் நலம். உலோகம் புட்டியின் சுவரில் ஒட்டாதிருக்க அதில் சிறிது நைட்ரிக் அமிலம் இடுவர். மண்ணை எடுக்கத் துருவோ வர்ணமோ உள்ள கருவியைப் பயன்படுத்தாமல், மரக் கரண்டியால் அரையடி ஆழம் வரை எடுத்து, வயலின் பல இடத்து மண்ணை ஒன்றாகக் கலந்து அனுப்ப வேண்டும். எடுத்த நாள், இடம், அருகிலுள்ள ஆலையோ குப்பைமேடோ எத்தனை தூரம் என்பனவற்றைச் சீட்டில் எழுதுக.

ஆண்டில் ஆறு முறை கிராம சபை கூடுகிறது. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் அன்று கூடும் சபையில் இம்முடிவுகளைப் படித்துக் காட்டித் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்வது பொருத்தமாகும். இப்போது நல்ல நிலையிலுள்ள கிணறுகளின் கணக்கும் அதில் இருக்கட்டும். நாளை ஒரு கிணறு கெட்டால், முன்பு அது நன்றாக இருந்தது என்பதற்கு எழுத்துச் சான்று வேண்டும். பாலாற்றங்கரை உழவர் பலரிடம் இல்லாதிருந்தது அதுவே. இவ்வாண்டு ஊராட்சிக்கு இரண்டு நீர் மாதிரி, ஒரு மண் மாதிரி வீதம் ஒன்றிய அலுவலகம் வழியே அனுப்ப ஏற்பாடாகியுள்ளது. நெடுஞ்சாலை ஓரத்துப் பாட்டரிக் கடைகள், குப்பைமேடு, ஆலைக் கழிவு ஓடை ஆகியவற்றுக்கு அருகிலுள்ள கிணறுகளை முதலிற் குறித்து, கிணற்றின் பெயரையும் அளவை எண்ணையும் எழுதி, இம்மாத இறுதிக்குள் ஊராட்சிச் செயலர் வாயிலாக அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம்.